பதினோராவது குழாய்

எங்கள் அருங்காட்சியகத்தை மூடுவதா வேண்டாமா என்று பார்க்க ஒன்பது பேர் வருவதாக ஊரில் பேச்சு. உண்மையில் வந்து இறங்கியது எட்டுப் பேர். ஒன்பதாவது ஆள் நான்தான், ஓரெஸ்ட் ஹவ்ரிலுக், ஸ்லாவ்னோ ஊரின் சார்பில் நிர்வாகக் குழு உறுப்பினர். மூடுவதற்கான காரணத்தை என் கையாலேயே செய்து வைத்திருந்தேன். அது அப்போது யாருக்கும் தெரியாது.

கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் எங்களுக்கு நான்கு ஊர்களில் நான்கு அருங்காட்சியகங்கள், ஒரே சட்டம், ஒரே குழு. போர் முடிந்த காலத்தில் பழைய நீராவி டிராக்டர்களை இரும்புக் கடைக்கு உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மனசு கேட்காத விவசாயிகள் கையில் கிடைத்ததைக் காப்பாற்றினார்கள். எந்த ஊரில் வைப்பது என்று இரண்டு வருஷம் சண்டை போட்டார்கள். கடைசியில் நான்கு ஊரிலும் வைத்தார்கள். ஒருவரையொருவர் நம்பாததால் இரண்டு விதிகள் எழுதினார்கள். ஒன்று, எந்தப் பொருளும் எந்த ஊருக்கும் சொந்தமில்லை, ஒரு திருகாணி கூட நான்கு ஊருக்கும் பொது. இரண்டு, ஒவ்வொரு கிளையும் தன் பெரிய நீராவி எந்திரத்தை ஜூன் மாதம் குழு பார்க்க முற்றத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓட்டிக் காட்ட வேண்டும். தொடர்ந்து இரண்டு வருஷம் ஓடவில்லை என்றால் கிளை காலி. பொருட்கள் மற்ற மூன்று ஊருக்கும் பிரியும்.

போன வருஷம் கொதிகலன் சான்றிதழ் நேரத்துக்கு வரவில்லை. இது இரண்டாவது வருஷம். இன்று சூரியன் மறைவதற்குள் ஓட வேண்டும். ஜூனில் இங்கே அது இரவு ஒன்பதைத் தாண்டித்தான் மறையும்.

காலை எட்டு மணிக்கே ஸ்டெஃபா நெருப்பு மூட்டிவிட்டாள். ஊரில் நீராவி ஓட்டும் உரிமம் வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான். பள்ளியில் என் பக்கத்து பெஞ்ச். அன்றிலிருந்து என்னை மனிதனாக மதித்ததில்லை.

"ஓரெஸ்ட், ஏன் உன் மூஞ்சி வெந்த முட்டைக்கோஸ் மாதிரி இருக்கு?"

"வெயில்."

"நிழல்ல நின்னுக்கிட்டா?"

அழுத்தமானி நாற்பது பவுண்டைத் தாண்டியது. நூறு வந்ததும் கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பின் வால்வைத் திறப்பாள். அதற்குப் பிறகுதான் வண்டி நகரும்.

விஷயம் இதுதான். அக்டோபரில், பனி இறுகுமுன், எந்திரத்திலுள்ள தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் வடிக்க வேண்டும். மொத்தம் பதினோரு குழாய்கள். திறந்து, வடித்து, பட்டியலில் டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். அது என் வேலை. பத்து குழாய்களைத் திறந்தேன். பதினோராவது பம்புக்கு அடியில் இருக்கிறது. சிமெண்ட் தரையில் மல்லாந்து படுத்து உள்ளே நகர வேண்டும். என் வயிறு அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு ஹாக்கி மேட்ச் வேறு. காலையில் வந்து திறந்துகொள்ளலாம் என்று பதினொன்றுக்கும் டிக் போட்டுவிட்டுப் போனேன். அந்தக் காலை வரவேயில்லை. குளிர் மட்டும் வந்தது, மைனஸ் நாற்பத்தொன்று.

பம்புக்குள் தண்ணீர் உறைந்து இரும்பு விரிசல் விட்டிருந்தால், வால்வைத் திறந்ததும் கொதிகலன் தண்ணீர் திரும்பிப் பாய்ந்து நேராக ஸ்டெஃபாவின் முழங்காலில் அடிக்கும். தானாகவே கசிந்து வடிந்திருக்கும் என்று எட்டு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். எழுபது பவுண்டில் அந்த நம்பிக்கை போய்விட்டது.

கையில் காபியோடு கார்னீ ஃப்ரீசன் வந்தார். நியூஃபெல்ட் ஊர் உறுப்பினர். எங்கள் எந்திரத்தை நிறுத்தி வைக்க அவர்கள் கொட்டகையில் ஏற்கெனவே சுண்ணாம்பில் கோடு கிழித்து வைத்திருப்பதாகக் கேள்வி.

"என்னப்பா, ஓடுமா? இல்ல நான் டிரெய்லரைக் கொண்டாரச் சொல்லட்டா?"

தொண்ணூறு. ஸ்டெஃபா குனிந்து வால்வில் கை வைத்தாள்.

"ஸ்டெஃபா, திறக்காத."

"ஏன்?"

"பதினோராவது குழாயை நான் வடிக்கல."

"கையெழுத்துப் போட்டிருக்க."

"போட்டேன்."

அவள் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தாள். வெளியே வந்தபோது என்னைப் பார்க்கவில்லை. "விரல் நீளத்துக்கு விரிசல்," என்றாள் எந்திரத்திடம்.

குழுத் தலைவி வெர்னா லிண்ட்குவிஸ்ட் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். "இன்னொரு தடவை சத்தமா சொல்லுங்க, மிஸ்டர் ஹவ்ரிலுக். குறிப்புல ஏறணும்."

சொன்னேன். எட்டுப் பேர் கேட்டார்கள். வேலியோரம் நின்ற ஊர் முழுக்கக் கேட்டது. நெருப்பை அணைத்தார்கள்.

"விதி தெளிவா இருக்கு," என்றார் வெர்னா. "சூரியன் மறையறதுக்குள்ள ஓடணும்."

"வேற பம்ப் இருந்தா ஓட்டிடுவேன்," என்றாள் ஸ்டெஃபா.

எந்திரத்தைச் செய்த கம்பெனி மூடி எண்பது வருஷம் ஆகிறது. மாகாணத்தில் அதே பம்ப் இன்னும் ஒன்றே ஒன்று இருந்தது. நியூஃபெல்டில், ஃப்ரீசனின் எந்திரத்தில். எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் தங்கள் காபியைப் பார்த்தார்கள்.

"கார்னீ," என்றேன், "உங்க பம்ப் வேணும்."

"அடுத்த வாரம் என் எந்திரம் ஓடணும்."

"அது உங்க எந்திரம் இல்ல. நாலு ஊருக்கும் பொது. முதல் விதி."

"அந்த விதியைத் தூக்கணும்னு மூணு வருஷமா கத்தினது யாரு?"

"நான்தான்."

"எங்க ஊருக்கு உங்க தேவாலய மணியைக் கேட்டப்ப, ஸ்லாவ்னோ சாமான் ஸ்லாவ்னோவுக்கேன்னு மேஜையைத் தட்டினது?"

"அதுவும் நான்தான். கை ரெண்டு நாள் வீங்கிக் கிடந்துது."

குழு கட்டளையிட முடியாது என்றார் வெர்னா. எந்திரத்தைப் பிரிக்க அந்தக் கிளை உறுப்பினரின் சம்மதம் வேண்டும். ஃப்ரீசன் காபியைக் கடைசிவரை குடித்தார். பிறகு என்னைத் தனியாக அழைத்தார்.

"வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, பழைய இரும்பு, அதுவா வெடிச்சிதுன்னு போயிருக்கும். ஏன் சொன்ன?"

"அவ முழங்கால்ல ஏற்கெனவே ரெண்டு ஆபரேஷன்."

அவர் முற்றத்தை ஒருமுறை பார்த்துவிட்டு நியூஃபெல்டுக்குப் போன் போட்டார். "பீட்டர், ஸ்பேனரை எடு. கேள்வி கேக்காத."

இருநூறு கிலோமீட்டர். குறுக்குப் பாதையில் பாலம் வேலை நடக்கிறது என்று யாரோ சொன்னார்கள். சொன்னவரை ஊரே முறைத்தது. மணி மூன்று, நான்கு, ஐந்து. என் மனைவி பெரோகிக் கொழுக்கட்டைத் தட்டோடு குழுவினரிடையே சுற்றினாள். எனக்கு மட்டும் தரவில்லை. ஐந்தே முக்காலுக்கு நியூஃபெல்டிலிருந்து பிக்கப் வண்டி வந்தது. பம்ப் போர்வைக்குள் குழந்தை மாதிரி கிடந்தது.

ஃப்ரீசன் ஸ்பேனரை என் கையில் வைத்தார். "படு."

படுத்தேன். மறுபக்கத்திலிருந்து அவரும் தவழ்ந்து வந்தார். எந்திரத்துக்கடியில் இரண்டு கிழவர்கள், மூக்கோடு மூக்காக.

"வயித்தை உள்ள இழு."

"இது இழுத்த வயிறுதான்."

ஆறு போல்ட். ஐந்து ஏறியது. ஆறாவது ஏறும்போது மணி ஏழு. ஸ்டெஃபா மறுபடி நெருப்பு மூட்டினாள். கொதிகலன் இன்னும் சூடாக இருந்தது ஒன்றுதான் எங்கள் அதிர்ஷ்டம். எட்டரைக்கு ஐம்பது பவுண்ட். சூரியன் தானியக் கிடங்கின் கூரையைத் தொட்டது. ஒன்பது மணிக்குத் தொண்ணூறு. வெர்னா கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தார்.

நூறு. ஸ்டெஃபா வால்வைத் திறந்தாள். எல்லாரும் பம்பைப் பார்த்தார்கள். நான் அவள் முழங்காலைப் பார்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை.

எந்திரம் பெருமூச்சு விட்டு நகர்ந்தது. மாட்டு வண்டி கூட முந்திவிடும் வேகம். முற்றத்தின் அந்த முனையிலிருந்த வேலியை அது தொட்டபோது வயலின் விளிம்பில் நகக்கீற்று அளவு சூரியன் பாக்கி இருந்தது.

"ஒன்பது பதினேழு," என்றார் வெர்னா எழுதிக்கொண்டே. "ஓடியது."

ஃப்ரீசன் என் தோளைத் தட்டினார். "அடுத்த வாரம் நீயே கழட்டி, நீயே கொண்டாந்து, நீயே மாட்டற. படுத்துக்கிட்டு." மறுவாரம் அப்படியே செய்தேன். கூடவே கொண்டுபோன தேவாலய மணியைத் திரும்பும்போது அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

விரிசல் விட்ட பம்ப் இப்போது எங்கள் முன் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பக்கத்தில் நான் கையெழுத்திட்ட பட்டியல். அடியில் ஸ்டெஃபா எழுதிய அட்டையில் என் முழுப் பெயர், எழுத்துப் பிழை இல்லாமல். அதை எடுத்துவிட வேண்டும் என்று குழுவில் தீர்மானம் கொண்டுவந்தேன். எட்டுக்கு ஒன்று என்று தோற்றது. நாங்கள் அருங்காட்சியகம், எதையும் தூக்கிப் போட மாட்டோம் என்றார் வெர்னா.