சொல்லாமல் விட்ட மிருகங்கள்

பட்டுக்கடையின் இரண்டாவது மாடியில் காலையிலிருந்து ஒரு புடவைகூட விரிக்கவில்லை. வழக்கமாகக் கல்யாண வீட்டார் உட்காரும் வெள்ளை விரிப்பின் மேல், ஐம்பது தாண்டிய ஊழியர்கள் சம்மணம் போட்டுக் காத்திருந்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த சின்ன அறையில், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெண் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஞாபகசக்தியைச் சோதித்துக்கொண்டிருந்தாள். பிரவீனா என்று பேர்.

பரசுராமன் தூணில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். சாய்ந்தால் வயசு தெரியும். உள்ளே போய் வந்தவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் படித்தார். விற்பனையாளர் அவர், முகம் படித்துத்தான் இத்தனை வருஷம் சோறு தின்றிருக்கிறார். 'வேற கடை பாக்கலாம்' என்று எழுந்திருக்கிற மாமியார் நிஜமாகவே எழுந்திருக்கிறாளா, இல்லை முட்டியை மட்டும் அசைக்கிறாளா என்று அவருக்குத் தெரியும். டீக்குக்கூட நேரம் பார்க்கிற கடை, ஓசியில் ஆஸ்பத்திரி ஆளைக் கூட்டிவந்து உட்கார வைத்தால் என்ன அர்த்தம் என்பதுதான் பிடிபடவில்லை.

எல்லாம் ஒரு பை மாறியதால் வந்தது. போன முகூர்த்தத்தில் வேலூர்க்காரர்கள் எடுத்த கூறைப்புடவை திருத்தணிக்காரர்கள் கைக்குப் போய்விட்டது. தாலி கட்டுகிற அன்று விடியற்காலையில்தான் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு வீட்டாரும் கடை வாசலில் வந்து நின்று கத்திவிட்டுப் போனார்கள். அந்தப் பையை எடுத்து நீட்டிய கை சின்ன முதலாளி விக்னேஷின் கை. இன்னொரு கையில் போன் இருந்தது. மாடியில் எல்லோரும் பார்த்தார்கள். எல்லோரும் புடவை மடிக்கக் குனிந்துகொண்டார்கள். மறு வாரம் விக்னேஷ் ஐம்பது தாண்டிய ஊழியர்களைக் கூப்பிட்டு, யாரையும் குறை சொல்லவில்லை, வயசானால் மறதி வருவது சகஜம், ஒரு டெஸ்ட் மட்டும் எடுத்துவிடலாம் என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னான். எதிராளியின் மரியாதை கூடக் கூடப் பரசுராமனுக்குச் சந்தேகமும் கூடும்.

உமாபதி வெளியே வந்தார். பிள்ளையார்பாளையத்துக்காரர், கோடவுனில் புடவை மடிக்கிறவர்.

"இன்னா கேக்கறாங்க?" என்றார் பரசுராமன், உதடு அசையாமல்.

"மிருகம் பேரு சொல்லச் சொன்னாங்கபா. நாய், பூனை, எலின்னு வாயில வந்தத சொன்னேன். அப்பால படம் காட்டினாங்க. ஒண்ணு மூக்கு மேல கொம்பு வெச்சிக்கினு இருந்திச்சு. தெரியாதுன்ட்டேன்."

"தெரியாதுன்னா சொன்ன?"

"தெரியாதத வேற எப்டி சொல்றது?"

பரசுராமனுக்குப் பரிதாபமாக இருந்தது. கடைக்கு வந்ததும் வராததுமாகக் கையில் இருக்கிற பணத்தை மொத்தமாக எடுத்துக் காட்டுகிற ஆள்.

அவர் முறை வந்தது. பிரவீனா எழுந்து வணக்கம் சொன்னாள். படிப்பும் வயசும் கேட்டாள். பிளஸ் டூ, ஐம்பத்து நாலு என்றார். திணறவில்லை. இந்தக் கடையில் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் அவர் படிப்பு. அன்று பெரிய முதலாளி சிட்டிபாபு பத்தாவது படித்த, முப்பத்தைந்துக்கு உள்ளான ஆள் கேட்டார். பரசுராமன் மூன்றாவதோடு நின்றவர், நாற்பதைத் தாண்டியவர். பத்தாவது கேட்கிற இடத்தில் பன்னிரண்டு என்றால்தான் இறங்கி வர இடம் இருக்கும் என்று பன்னிரண்டு சொன்னார். வயசில் ஒன்பதைக் கழித்தார். சர்டிபிகேட் பாலாற்று வெள்ளத்தில் போய்விட்டது என்றார். பாலாற்றில் வெள்ளம் எப்போது வந்தது என்று சிட்டிபாபு கேட்கவில்லை. அதற்குள் பரசுராமன் ஒரு கல்யாண கோஷ்டியைப் பேசியே உட்கார வைத்திருந்தார். பின்னால் ஆதார் எடுத்தபோது அதே வயசைச் சொல்லி, ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவராக ஆனார்.

"ஒரு நிமிஷம் டைம் ஐயா. உங்களுக்குத் தெரிஞ்ச மிருகம் பேரெல்லாம் சொல்லுங்க."

சிங்கம், புலி, யானை என்று ஆரம்பித்தார். குதிரை, மான், பசு. கம்பீரமாகத்தான் போனது. அடுத்து நாக்கு நுனிக்கு வந்தது பன்றி. பரசுராமன் வாயை மூடிக்கொண்டார்.

படிப்பு கேட்டார்கள், வயசு கேட்டார்கள், இப்போது மிருகம் கேட்கிறார்கள். துணிக்கடைக்காரனிடம் எதற்கு மிருகம்? அவர் ஊர் ஓரிக்கை. அதில் எந்தப் பக்கம் என்று யார் கேட்டாலும் மணிமண்டபத்துப் பக்கம் என்பார். மணிமண்டபத்துக்கு நாலு பக்கம் உண்டு. எந்தப் பக்கம் என்று அவர் சொன்னதில்லை. பட்டு விரிக்கிற கை எந்தத் தெருக் கை என்று தெரிந்தால், புடவையைத் தோளில் போட்டுப் பார்க்கத் தயங்குகிற வாடிக்கையாளர்கள் இப்போதும் இருக்கிறார்கள். பன்றிக்குப் பின்னால் வயல் எலி வந்தது. வரப்பு நண்டு, நத்தை, உடும்பு, கீரி எல்லாம் வரிசையில் நின்றன. சின்ன வயசில் கையால் பிடித்தவை. ஒவ்வொன்றையும் அவர் திருப்பி அனுப்பினார்.

"இன்னும் டைம் இருக்குங்க ஐயா."

பல்லி என்றார். வரதர் கோவிலில் தொட்டுக் கும்பிடுகிற பல்லியில் யாரும் குற்றம் காண முடியாது. பிறகு முந்தானைகளில் நெய்திருக்கிற உருவங்களை நினைத்துக்கொண்டு யாளி என்றார். அவள் பேனா ஒரு கணம் நின்றது. மணி அடித்தது.

ஆரஞ்சுக்கும் வாழைப்பழத்துக்கும் என்ன ஒற்றுமை என்று கேட்டாள். இரண்டும் பழம், குழந்தைக்கும் தெரியும். குழந்தைக்குத் தெரிந்ததைக் கேட்க ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வருமா? உள்ளே ஏதோ கொக்கி இருக்கிறது என்று நினைத்து, தோலை உரித்துத் தின்ன வேண்டும் என்றார். மூக்கில் கொம்பு வைத்த மிருகத்தின் படத்துக்கு, "நீங்க சொல்லுங்கம்மா, சரியான்னு பாக்கறேன்" என்றார்.

மதியத்துக்கு மேல் முடிவு சொன்னார்கள். உமாபதிக்கு ஒன்றுமில்லை. பரசுராமனுக்கு மறதியின் ஆரம்பம் மாதிரித் தெரிகிறது.

அவர் நேராகக் கண்ணாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். உமாபதி எத்தனை மிருகம் சொன்னார் என்று கேட்டார். பிரவீனா யோசித்துவிட்டு, ஏறக்குறைய உங்கள் அளவுதான் என்றாள். அப்படியென்றால் இதில் யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்றார் பரசுராமன்.

"இல்லீங்க ஐயா. அவர் நாலாவது படிச்சவரு, உங்கள விட அஞ்சு வயசு பெரியவரு. படிப்பு கொறைச்சல்னா மார்க் கொறைச்சலா வரும், வயசு ஏறினாலும் கொறையும். அது நோய் இல்ல. அதனால அவருக்கு வேற அளவு. நீங்க பிளஸ் டூ. அந்தப் படிப்புக்கு, இந்த வயசுக்கு, இந்த மார்க் ரொம்பக் கம்மி."

பரசுராமன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். விக்னேஷ் கல்லாவில் நின்றபடி போனில் சிரித்துக்கொண்டிருந்தான்.

"சரிமா, பத்தாவதுன்னு வெச்சிக்குங்க."

"வெச்சாலும் கம்மிதாங்க."

"எட்டாவது. அதுக்குக் கீழ எனக்குக் கட்டாது."

பிரவீனாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "பேரம் இல்லீங்க ஐயா இது. இப்ப நீங்க மூணாவது, அறுவத்து மூணு வயசுன்னா, இதே மார்க் நார்மல். நெசமா எவ்ளோ, சொல்லுங்க. மாத்திக்கறேன்."

பரசுராமன் கதவைத் திரும்பிப் பார்த்தார். மூணாவது, அறுபத்து மூணு. இவளுக்கு யார் சொன்னது? உமாபதிக்குத் தெரியாது. வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. சும்மா உதாரணத்துக்குச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சும்மா போல ஒரு விலையைச் சொல்லித்தான் அவரும் எதிராளியின் மனசை வாங்குவார்.

"மாத்தினா மொதலாளிக்கும் போவுமா?"

"அவர்தானங்க கேட்டாரு. போவும்."

அறுபது முடிந்தால் கடையில் வேலை இல்லை. போன மாதம் தினகரனுக்கு முடிந்தது. பொன்னாடை போர்த்தி, தட்டில் ஆப்பிள் வைத்துக் கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பினார்கள். பத்து நாளில் அவரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தார் பரசுராமன். இறங்குகிற குடும்பங்களின் பின்னால், 'பட்டு பாக்கணுமாம்மா' என்று கேட்டுக்கொண்டே ஓடிக்கொண்டிருந்தார். பரசுராமனின் கடைசிப் பெண் திரிஷாவுக்கு நர்சிங் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது.

விக்னேஷ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். தோளில் கை வைத்தான். "பரசு அண்ணே, பயப்படாதீங்க. ஆரம்ப ஸ்டேஜ்தானாம்."

பிரவீனா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"மறதி இருந்தா வேல இருக்குமா தம்பி?"

"இன்னாண்ணே இப்டி கேக்கறீங்க? உங்கள விட்ருவமா? மாடி வேணாம், டென்ஷன். கீழ லைட்டா ஒரு வேல போட்டுத் தரேன். சம்பளம் மட்டும் கொஞ்சம் மாறும்."

பரசுராமன் நிஜ வயசையும் மறதியையும் நிறுத்துப் பார்த்தார். நிமிஷம்கூட ஆகவில்லை.

"அப்ப இருக்குதுன்னே வெச்சிக்குங்க," என்றார்.

பிரவீனா பேனாவை மூடினாள்.

திங்கட்கிழமை முதல் அவர் வாசலில் செருப்பு வாங்கி வைக்கிறார். வருகிறவர்கள் செருப்பை விட்டுவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு மாடிக்குப் போக வேண்டும். இத்தனை நாள் அடுக்கில் நம்பர் இருந்தது. நம்பர் என்றால் அண்ணனுக்குக் குழம்பும் என்று விக்னேஷே உட்கார்ந்து, குழந்தைகளுக்கு விற்கிற படங்களை வாங்கி அடுக்கின் ஒவ்வொரு அறையிலும் ஒட்டினான். டோக்கனிலும் அதே படம். சிங்கம், யானை, மான், குதிரை. யாராவது பெரிய மனிதர்கள் வந்தால் படியில் நின்று, அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, இருந்தாலும் நாங்கள் வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று மெதுவாகச் சொல்வான்.

ஆவணி முகூர்த்தக் கூட்டம். பட்டு வேட்டி கட்டிய ஒருவர் தன் செருப்பைக் காலால் தள்ளிவிட்டுக் கையை நீட்டினார். பரசுராமன் டோக்கனைக் கொடுத்தார். அவர் அதைப் பார்த்தார், நுனி விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல காரியத்துக்கு வந்துக்கினு இத எடுத்துக்கினா மேல போறது? வேற குடுபா."

பரசுராமன் மான் கொடுத்தார். காலையிலிருந்து இது நாலாவது ஆள். சிங்கமும் யானையும் அரை மணியில் தீர்ந்துவிடுகின்றன. செருப்புகள் அடுக்கில் இடம் இல்லாமல் தரைக்கு வந்துவிட்டன. கீழ் வரிசையில் அந்த ஒரு அறை மட்டும் துடைத்து வைத்த மாதிரிக் காலியாக இருந்தது.

இருட்டுவதற்குள் மழை வந்தது. படிக்கட்டோரம் நனைந்துகொண்டிருந்த தன் ரப்பர் செருப்பை எடுத்து உதறினார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அதைப் பன்றிப் படத்துக்குக் கீழே வைத்தார்.