முடிவுரைக்காத முரசு

நெல்லியாம்பதி மலைத்தொடர் மழைமுகில்களையெல்லாம் மேற்கே தானே மாந்திவிட்டுக் கிழக்கே வெறுங்கையை விரித்துக் காட்டுவதனால், முதலமடை நிலம் ஆண்டின் பெரும்பகுதியும் உலர்ந்தே கிடக்கும். ஆயினும் அந்நிலத்து மாமரங்கள், தமக்கு மறுக்கப்பட்ட நீரையெல்லாம் மணமாக ஈடுசெய்துகொண்டாற்போலத் தைத் திங்களில் பூத்துக் குலுங்கும். கதிரவன் மறைந்தும் மறையாத வேளை. சரக்குந்துகள் எழுப்பிய புழுதி செம்பட்டாய்த் தொங்க, வற்றிய ஓடையின் இருகரையிலும் இரு சிற்றூர்கள் ஒன்றையொன்று பாராமல் அமர்ந்திருந்தன: மேற்கரையில் மேட்டுக்களம், கீழ்க்கரையில் ஓடைக்களம்.

அவை போரில் இருந்தன. நகைக்க வேண்டா, அன்புடையீர்! முடியாட்சிக் காலத்தில் ஓடைநீருக்காக வாளெடுத்தனர். இருபுறத்துத் தலைவரும் ஒரே மாலையில் வீழ்ந்தனர். போர் தொடங்கிற்று என்று அறைய ஆளிருந்தது, முடிந்தது என்று அறைய எவரும் எஞ்சவில்லை. பின்னர் முடிகள் உருண்டன, கொடிகள் மாறின, ஓடையே வற்றிப்போயிற்று. போர் மட்டும், நிற்கச் சொல்வார் இன்மையால் நீடித்தது. எடுத்த சொற்றொடரையே முடிக்கத் திணறும் நான் அதனை ஏளனம் செய்தல் தகாது.

பகைவர் செவியில் நம் அழுகை விழலாகாது என்பது மேட்டுக்களத்தின் போர்முறை. ஆதலின் அங்கே இறந்தோர்க்கு ஒப்பாரி இல்லை; பெண்கள் முந்தானையைக் கவ்விக்கொள்ள, ஓசையின்றிப் பிணம் எடுப்பர். எதிர்க்கரையில் ஒப்பாரி கேட்டாலோ, தாம் வென்றுவருவதாகக் களிப்பர். மாங்காய்ச் சந்தையில் இரண்டூராரும் தோளுரசி நிற்பர். போரைப் பற்றி மட்டும், மானம் கருதி, ஒரு சொல்லும் பேசார். தைக் காருவாவாம் அமாவாசை மாலைதோறும் ஓடைக்களத்தில் ஒற்றை விளக்கு ஏறும். அதை அறைகூவலென்று கொண்டு மேட்டுக்களத்தார் முரசறைவர். அழப்படாமல் போன இறந்தோர் அவ்வேளையில் ஓடைமணலில் நடப்பார்கள் என்றும், விடியலில் மணல் மிதிபட்டுக் கிடக்கும் என்றும் சொல்வர்.

முரசறைபவன் மாரப்பன். அவன் மனைவி மயிலாத்தாள். சென்ற கோடையில் மாங்காய் ஏற்றிய வண்டி கவிழ்ந்து இறந்த ரமேஷ்குமார் அவர்களின் ஒரே மகன். அன்றுமுதல் அவள் நெஞ்சுக்குள், மூடிய கிணற்றில் நீர் ஏறுவதைப் போல, அழுகை ஏறிக்கொண்டிருந்தது.

இவ்வாண்டுக் காருவா மாலையிலும் விளக்கு ஏறிற்று. மாரப்பன் கோலை ஓங்கினான். மயிலாத்தாள் அவன் கையைப் பற்றினாள்.

"அடிக்காதீங்க. அடிச்சா இன்னொரு வருசம் நான் அழுவ முடியாது. நானே போயி, தோத்துட்டோம்னு சொல்லிப்போட்டு வர்றனுங்க."

"ஏம்புள்ள, கிறுக்குப் புடிச்சிருச்சா? பாட்டன் பூட்டன் காப்பாத்துன சண்டைய உன்ற வாயால முடிக்கறதா?"

"பாட்டன் பூட்டனுக்கு நம்ம ரமேசைத் தெரியாதுங்க. எனக்குத் தெரியும்."

அவள் ஓடையில் இறங்கினாள். மணலில் அவளோடு பல காலடிகள் நடந்தன. அவற்றுள் ஒன்று, செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்தது. அந்நடையை எத்தனையோ முறை கடிந்துகொண்டவள் அவள். திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுமோ என்றஞ்சி, பாராமலே நடந்தாள்.

எதிர்க்கரையில் விளக்கருகே மௌனிகா என்னும் இளம்பெண் நின்றிருந்தாள்.

"சண்டை போதும் அம்மிணி. நாங்க தோத்துட்டோம்."

"எந்தச் சண்டைங்கக்கா?"

மயிலாத்தாள் சொல்லச் சொல்ல மௌனிகாவின் முகம் வெளிறிற்று.

"ஐயோ, இந்த வெளக்கே மன்னிப்புக் கேக்கறதுக்குத்தானுங்க! அந்தக் காலத்துல உங்காளுகளைச் சாச்சுப்போட்டோமேன்னு வருசா வருசம் ஏத்தறோம். உடனே உங்க முரசு கேக்கும். 'சரி, மன்னிச்சுப்போட்டாங்க'ன்னு கும்பிட்டுட்டுத்தான் எங்கய்யன் சோத்துல கைவெப்பாரு. இன்னைக்கு முரசு கேக்கலீங்களா, ஊட்டுல சோத்துக்கு முன்னால பயந்து உக்காந்திருக்காருங்க."

மயிலாத்தாள் மணலில் சரிந்தாள். நகைப்பா அழுகையா எனத் தெரியாத ஒன்று மேலேறி வந்தது. வாய் திறந்தது, நெடுநாள் திறவாத குழாயைப் போல முதலில் காற்றே வந்தது. பிறகு வந்தது குரல்.

"என்ற ரமேசு!"

அக்குரல் ஓடையைக் கடந்தது. மேட்டுக்களத்தில் மாரப்பனின் கையிலிருந்து கோல் நழுவிற்று. வாயில்தோறும் பெண்கள் கவ்விய முந்தானையை விடுத்து, தாம் அறிந்த இறந்தோரையும் பெயர்மட்டும் கேட்டறிந்த இறந்தோரையும் அழைத்து அழைத்து அழுதனர். செய்வதறியாத மௌனிகா, காற்றில் அவியாதபடி விளக்கைக் கைகளால் மூடிக்கொண்டு, அவளருகே அமர்ந்து தானும் அழுதாள்.

விடிந்தபோது, இரு பெண்கள் அமர்ந்த குழிகளும் மயிலாத்தாளின் அடித்தடமும் அன்றி, ஓடைமணல் மிதிபடாமல் கிடந்தது. அத்தனை காலம் அங்கே நடந்தவர்கள் வெற்றியைக் கேட்கவில்லை போலும். தம் பெயரைச் சொல்லி எவரேனும் உரக்க அழமாட்டாரா என்றே நடந்திருக்கின்றனர்.