மாம்பழம் சார்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் மேல்நிலை வகுப்புக்குப் பொருளியல் நடத்துகிறவர்களில் ஞானசெல்வி டீச்சரைத் தெரியாதவர் கிடையாது. அவளிடம் படித்து யாரும் பெயிலானதில்லை. அவள் தயாரித்த வினா விடைத் தொகுப்பு ஜெராக்ஸ் கடைகளில் அவள் பெயரைச் சொல்லியே விற்றது. எந்தப் பாடத்திலிருந்து நெடுவினா வரும், எந்த வரைபடத்தைப் போட்டால் திருத்துகிறவர் யோசிக்காமல் மார்க் போடுவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதில் அவளுக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையை அவள் மறைத்ததும் இல்லை.

போன வருஷம் பாத்திமா ஹனா என்றொரு பெண் அவள் பள்ளிக்கு வந்தாள். கடையநல்லூர்க்காரி. பள்ளிகளில் பொருளியலை எப்படி நடத்துகிறார்கள், பிள்ளைகள் அதை எப்படி வாங்கிக்கொள்கிறார்கள் என்று பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பிளஸ் ஒன் வகுப்பை ஒலிப்பதிவு செய்தாள். ஞானசெல்வி அவளுக்கும் சேர்த்து வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுபோனாள். "நல்லா எழுதும்மா, நம்ம ஊரு பேரு வெளிய வரட்டும்" என்றாள். ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ எழுத மாட்டோம் டீச்சர், அடையாளம் தெரிகிற எதையும் மாற்றிவிடுவோம் என்று ஹனா சொன்னாள். அதன்பிறகு பனவடலிசத்திரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்குப் போய், இசக்கிராஜா சாரின் வகுப்பிலும் சில வாரங்கள் உட்கார்ந்திருந்தாள்.

இந்த வருஷம் ஐப்பசியில் பொருளியல் ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி நடந்தது. ஒருங்கிணைப்பாளர் சங்கரநாராயணன், ஹனாவை வந்து பேசச் சொல்லியிருந்தார். ஹாலில் மின்விசிறிகள் பெயருக்குச் சுற்றிக்கொண்டிருந்தன. காலை டீயும் வடையும் முடிந்த கிறக்கத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஞானசெல்விக்கு முதல் வரிசையில் இடம்.

பிள்ளைகள் விதிகளை ஒப்பிக்கிறார்கள், ஆனால் தங்கள் தெருவில் நடப்பது அந்த விதிக்குள் அடங்குகிறதா என்று கேட்கப் பயப்படுகிறார்கள் என்றாள் ஹனா. பிறகு திரையில் ஒரு வகுப்பறை உரையாடலைப் போட்டாள். "இரண்டு பேர் வாசிச்சா நல்லாருக்கும்" என்றாள்.

இசக்கிராஜா எழுந்து வந்தார். ஊர்க் கோயில் கொடை விழாவில் மைக் பிடிக்கிறவர் அவர், வெண்கலக் குரல். ஆசிரியர் பகுதியை அவர் எடுத்துக்கொண்டார். மாணவியின் பகுதியைப் பின்வரிசையில் இருந்த ஓர் இளம் ஆசிரியை வாசித்தாள்.

"டீச்சர், விலை கூடுனா தேவை குறையும்னு சொல்லுதீங்க. திருவிழா அன்னைக்கு மாம்பழம் மூணு மடங்கு விலை. ஆனா அன்னைக்குத்தான் எல்லாரும் வாங்குதாங்க. அப்போ விதி தப்பா டீச்சர்?"

இசக்கிராஜா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, குரலை இழுத்து வாசித்தார். "விதி தப்புன்னு சொல்ல நீ யாரு? பரீட்சையில மாம்பழத்தைக் கேக்க மாட்டான். உக்காரு."

ஹால் அதிர்ந்தது. ஞானசெல்வி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இப்படியும் ஒருத்தர் இருக்கிறாரே என்று பக்கத்து நாற்காலிக்காரியின் தொடையைத் தட்டினாள்.

"இல்ல டீச்சர், எங்க அம்மா மாம்பழம்தான் விக்காங்க. அவங்க சொன்னாங்க..."

"அப்போ உங்க அம்மாவையே வந்து பாடம் நடத்தச் சொல்லு. நான் போயி அங்கன கூடையை வச்சுட்டு உக்காருதேன்."

இந்த முறை பாதிப் பேர்தான் சிரித்தார்கள். ஞானசெல்வியின் சிரிப்பு அப்படியே நின்றது.

மாம்பழம் இல்லை, மல்லிகை. ஏதோ ஒரு திருவிழா இல்லை, ஆடித்தபசு. கேட்டது அவளுடைய வகுப்பு யோகலட்சுமி. அவளுடைய அம்மா பூ மார்க்கெட் வாசலில் கூடை வைத்திருக்கிறவள். அந்த வாக்கியத்தைச் சொன்னதும் வகுப்பு கொல்லென்று சிரித்ததும், பெண் உட்கார்ந்ததும் இப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. இத்தனை நாளும் வரவில்லை. ஒரு பிள்ளையை அப்படிப் பேசிவிட்டு, ஸ்டாஃப் ரூமுக்குப் போய் ஹனாவுக்குச் சாப்பாடு எடுத்து வைத்திருக்கிறாள். அதை நினைத்ததும் அவள் காது மடல்கள் சுட்டன.

"ஞானசெல்வி டீச்சர் நம்மள்ல சீனியர். அவங்க சொல்லட்டும்" என்றார் சங்கரநாராயணன்.

எழுந்தாள். ஹனா மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. பேசாமல் நின்றால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம் மட்டுமே அப்போது ஞானசெல்விக்கு இருந்தது.

"பிள்ளையோட அம்மா தொழிலை இழுத்துப் பேசுதவங்க இந்த வேலைக்கே வந்திருக்கக் கூடாது" என்றாள். குரல் கணீரென்று வந்தது. "பதில் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும். திருவிழா அன்னைக்கு மத்த நிலைமை மாறிருது, அதனால தேவையே கூடிருது, விதி தப்பில்லன்னு ரெண்டு வரியில சொல்லியிருக்கலாம். அதைக் கூடச் செய்யாதவங்களை எப்படி டீச்சர்னு சொல்லுதது?"

கைதட்டினார்கள். இசக்கிராஜாவும் தட்டினார்.

சாப்பாட்டு நேரத்தில்தான் பேச்சு கிளம்பியது. ஹனா போன பள்ளிகளை எண்ணிப் பார்த்தார்கள். இவ்வளவு அச்சு அசலாக வாசிக்க வேண்டுமென்றால் சொந்த வசனமாகத்தான் இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். திரை முழுக்க டீச்சர் என்றுதானே இருந்தது என்று ஒருவர் கேட்டதற்கு, ஆளை மறைக்க அதையும் மாற்றியிருப்பார்கள் என்று பதில் வந்தது. "என்ன சார், மாம்பழம் கிலோ என்ன விலை?" என்று ஒருவர் இசக்கிராஜாவின் முதுகில் தட்டினார். அவர் முதலில் சிரித்தார். பிறகு சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. யாரையும் ஊகிக்க வேண்டாம் என்று ஹனா கெஞ்சிப் பார்த்தாள். அது சந்தேகத்தை இன்னும் உறுதியாக்கியது.

கை கழுவும் இடத்தில் ஹனா பக்கத்தில் வந்து நின்றாள். "டீச்சர், நீங்க வருவீங்கன்னு எனக்குக் காலைலதான் தெரியும். அந்தப் பகுதியை நீக்கியிருக்கணும். தப்பு என்மேலதான்."

"எதைச் சொல்லுதே? எனக்கென்னம்மா அதுல?" என்றாள் ஞானசெல்வி. சொல்லிவிட்டு, குழாயை மூடாமலே நடந்தாள். எல்லாம் தெரிந்தவளிடமே பொய் சொல்லிவிட்டு வந்தது பஸ்ஸில் வீடு வரும்வரை அவளை அரித்தது.

ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குரூப்பில், கண்ணாடியைத் தூக்கிவிட்டபடி இசக்கிராஜா வாசிக்கிற படத்தை ஒருவர் போட்டார். அடியில் 'மாம்பழம் சார்' என்று எழுதியிருந்தது. அது எப்படியோ அவருடைய பள்ளிப் பிள்ளைகளுக்கும் போய்விட்டது. பஸ் ஸ்டாப்பில் பையன்கள் மறைந்து நின்று கூப்பிடுகிறார்களாம். தலைமையாசிரியர் அழைத்து விசாரித்தாராம். இதையெல்லாம் கேட்டுக்கொண்டே ஞானசெல்வி தினமும் வகுப்புக்குப் போய்வந்தாள். யோகலட்சுமி இப்போது பிளஸ் டூவில் இரண்டாவது பெஞ்சில் இருந்தாள். அந்தப் பக்கம் பார்க்காமலே டீச்சர் பாடத்தை முடித்தாள்.

சனிக்கிழமை அவள் பனவடலிசத்திரத்துக்குப் பஸ் ஏறினாள்.

இசக்கிராஜா வீட்டு வாசலில் மோட்டார் பம்ப்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, உள்ளே நாற்காலி போட்டார். மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சிரிக்காமல் போனாள்.

"நீங்க பேசுனது சரிதான் டீச்சர்" என்று அவரே ஆரம்பித்தார். "அன்னைக்கு நீங்க பேசப் பேச, என்னைத்தான் சொல்லுதீங்கன்னு எனக்குத் தோணிட்டே இருந்துச்சு. நான் அப்படிச் சொன்னதா ஞாபகமே இல்ல. ஆனா சொல்லியிருப்பேன். பிள்ளைங்ககிட்டயே கேட்டேன். ஆமா சார், சொன்னீங்கன்னு மூணு பேரு அடிச்சுச் சொல்லுதானுவ. ஒரு பையனோட அம்மா காய்கறி விக்கிறவங்க. அவங்க வீட்டுக்கே போயி மன்னிப்பு கேட்டுட்டு வந்தேன். அந்தம்மாவுக்கு ஒண்ணும் புரியல. உக்காருங்க சார்னு டீ போட்டுக் கொடுத்தாங்க."

ஞானசெல்வியால் காப்பி டம்ளரைத் தொட முடியவில்லை.

"சார், அது உங்க வகுப்பு இல்ல. என் வகுப்பு."

அவர் புரியாமல் பார்த்தார்.

"மாம்பழம் இல்ல சார், மல்லிகைப்பூ. நான்தான் பேசுனேன். வாசிச்சுட்டு இருக்கும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுதான் எந்திரிச்சுப் பேசுனீங்களா?"

"ஆமா."

அவர் கையில் ஒட்டியிருந்த கிரீஸை மறுபடியும் துடைத்தார். கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "அன்னைக்கே ஏன் டீச்சர் சொல்லல?" என்று மட்டும் கேட்டார். பயந்துவிட்டேன் என்று சொல்லலாம். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"குரூப்ல போட்டுருங்க" என்றார் அவர், எழுந்துகொண்டே. "எனக்காக வேண்டாம். எங்க வீட்டுக்காரி அந்தப் படத்தைப் பாத்ததுலேர்ந்து எங்கிட்ட சரியாப் பேசல."

திரும்பும் பஸ்ஸிலேயே எழுதினாள். அழித்து அழித்து எழுதிக் கடைசியில் இவ்வளவுதான் நின்றது: 'பயிற்சியில் வாசித்தது என் வகுப்பு. அந்தப் பேச்சு நான் பேசியது. இசக்கிராஜா சாருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தயவுசெய்து அவரைக் கேலி செய்யாதீர்கள்.'

ஊருக்குள் பஸ் நுழைவதற்குள் பதில்கள் வந்துவிட்டன. கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. 'சக ஆசிரியருக்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளும் மனசு எத்தனை பேருக்கு வரும்?' என்று சங்கரநாராயணன் எழுதியிருந்தார். அன்றைக்கு எழுந்து அப்படிப் பேசியவர் எப்படி இதைச் சொல்லியிருப்பார், எங்களுக்குத் தெரியாதா டீச்சர் என்று இன்னொருவர். இல்லை, உண்மை என்று அவள் மறுபடியும் எழுதினாள். அதற்கும் கும்பிட்டார்கள்.

இறங்கி ஹனாவுக்குப் போன் செய்தாள். முதலில் கை கழுவும் இடத்தில் பொய் சொன்னதற்கு மன்னிப்பு கேட்டாள். பிறகு, "நீ ஒரு வார்த்தை சொல்லும்மா. என் பேரைப் போடு, எனக்குச் சம்மதம்" என்றாள்.

"உங்க பேரைச் சொன்னா, அந்தப் பிள்ளை யாருன்னு உங்க பள்ளிக்கூடம் பூரா தெரிஞ்சிரும் டீச்சர். அவகிட்ட கேக்காம நான் வாயைத் திறக்க மாட்டேன்."

திங்கட்கிழமை இடைவேளையில் யோகலட்சுமியை நூலகத்துக்குக் கூப்பிட்டாள். பெண் பயந்துபோய் வந்து நின்றாள்.

"போன வருஷம் உங்க அம்மாவைப் பத்தி நான் பேசுனது தப்பு மக்கா. நீ கேட்ட கேள்வி நல்ல கேள்வி."

"இருக்கட்டும் டீச்சர்." தலை நிமிரவில்லை.

ஞானசெல்வி நடந்ததைச் சொன்னாள். நம் வகுப்பில் நடந்ததுதான் என்று ஹனா அக்கா எல்லோரிடமும் சொல்லலாமா என்று கேட்டாள்.

யோகலட்சுமியின் கண் சட்டென்று கலங்கியது. "வேண்டாம் டீச்சர். அம்மாட்ட நான் சொல்லல. எங்கிட்ட தினமும் என்ன படிச்சேன்னு கேப்பாவ. இது தெரிஞ்சா அப்புறம் கேக்கவே மாட்டாவ."

ஞானசெல்வி சரி என்றாள். மணி அடித்ததும் பெண் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

இசக்கிராஜாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். அந்தப் பிள்ளை சொல்வது நியாயம் என்றார். தன் மனைவியே, பாவம் அந்த டீச்சர், உங்களைக் காப்பாத்த வீடு தேடி வந்துட்டுப் போறாங்க என்றுதான் சொல்லுகிறாளாம். அதைச் சொல்லும்போது சிரித்தாரா, பெருமூச்சு விட்டாரா என்று போனில் தெரியவில்லை.

வருஷம் முடியும்வரை மாம்பழம் சார் என்ற பெயர் அவரை விடவில்லை. தை மாதப் பயிற்சியில் ஞானசெல்வி மறுபடியும் எழுந்து, அது என் வகுப்புதான் என்றாள். போதும் டீச்சர், உங்க நல்ல மனசு எல்லாருக்கும் தெரியும் என்று சங்கரநாராயணன் உட்காரச் சொன்னார். இசக்கிராஜா பின்வரிசையில் இருந்தார். வெளியே வந்தபோது இருவரும் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். அவர் பஸ் முதலில் வந்தது. ஏறிப் போனார்.