பிட்டிஃபுல் ஆஃபீசர்

முருகானந்தத்துக்கு இங்கிலீஷ் என்றால் உயிர். இங்கிலீஷுக்குத்தான் அவரைக் கண்டால் ஆகாது. ரோடு காண்டிராக்ட்டில் நாலு காசு பார்த்தவர், போர்ட் பிளேயர் அபர்டீன் பஜார் பக்கம் பொங்கல் விழா என்றால் மைக்கை யாருக்கும் விடமாட்டார். அன்றைக்கும் கல்வி அதிகாரி அருண்பிரசாத்துக்குச் சால்வையைப் போர்த்திவிட்டு முழங்கினார்:

"திஸ் சார் இஸ் மோஸ்ட் பிட்டிஃபுல் ஆஃபீசர் இன் அந்தமான்!"

கூட்டம் கைதட்டித் தீர்த்தது. அதிகாரியின் முகம் மட்டும் சுருங்கியது. முன்வரிசையில் இருந்த வைஜெயந்திக்குத் தலையிலடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. லாங் ஐலண்ட் என்ற தொலைதீவுப் பள்ளியில் அவள் இங்கிலீஷ் டீச்சர். மகளுக்குக் காது மந்தம். பேச்சுப் பயிற்சிக்குப் போர்ட் பிளேயர்தான் வரவேண்டும். கடல் கொந்தளித்தால் கப்பல் இல்லை, கப்பல் இல்லாவிட்டால் பயிற்சியும் இல்லை. ஆறு வயதாகியும் பிள்ளை இன்னும் 'அம்மா' என்று திருத்தமாகச் சொல்லவில்லை. டிரான்ஸ்ஃபருக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் இதே அருண்பிரசாத். இன்று அவரிடம் பேச வைக்கிறேன் என்று கூட்டிவந்த முருகானந்தமே காரியத்தில் மண்ணைப் போட்டுவிட்டார்.

"அண்ணே, பிட்டிஃபுல்னா கேவலமானவர்னு அர்த்தம்!" மேடையை விட்டு இறங்கியவரிடம் பல்லைக் கடித்தாள்.

"அட போம்மா! பியூட்டிஃபுல்னா அழகு நிறைஞ்சது. அப்ப பிட்டிஃபுல்னா இரக்கம் நிறைஞ்சவர்தானே? நீயெல்லாம் என்ன டீச்சர்?"

கொடுமை என்னவென்றால், மனுஷன் சொன்னது ஒரு காலத்தில் சரி. பழைய இங்கிலீஷில் அதுதான் அர்த்தம். இரங்குகிறவனுக்கு இருந்த சொல் இரங்கப்படுகிறவன் தலையில் விழுந்து, பிறகு வசவாகிவிட்டது.

அருண்பிரசாத்திடமும் இரக்கத்துக்கு என்ன பஞ்சம்! எப்போது போய் நின்றாலும், "அச்சச்சோ, பாவம்மா குழந்தை" என்பார். கைக்குட்டை கண்ணுக்குப் போகும், பேனா மட்டும் ஃபைலுக்குப் போகாது. தூ, இதுவும் ஒரு இரக்கமா? மூன்று வருஷமாக அவள் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பந்தியில் அவரே அவளைக் கூப்பிட்டார்.

"டீச்சர், அந்தாள் என்னைப் புகழ்ந்தாரா, திட்டினாரா?"

பக்கத்தில் சாம்பார் வாளியோடு நின்ற முருகானந்தத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. இரண்டு நல்ல வார்த்தை சொல்லிச் சமாளித்திருக்கலாம். வைஜெயந்திக்கு மனசு வரவில்லை.

"புகழ்ந்தார் சார். அந்தக் காலத்துல அதுக்கு இரக்கம் நிறைஞ்சவர்னுதான் அர்த்தம். அதோட வேர் லத்தீன்ல இருக்கு, அங்கே கடமைன்னு அர்த்தம். முதல்ல கடமை போச்சு, வெறும் இரக்கம் நின்னுச்சு. அப்புறம் அதுவும் போய், இப்ப கேவலம்தான் மிச்சம்."

அவர் இலையிலிருந்து கையை எடுத்தார். "அப்ப எனக்கு எந்த அர்த்தம் பொருந்துதுன்னு சொல்றீங்க?"

"அதை நான் எப்படி சார் சொல்றது? என் ஃபைல் உங்க டேபிள்லதானே இருக்கு."

வரிசை முழுக்கச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. "அச்சச்சோ" என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தவர், அத்தனை முகங்களையும் பார்த்து அதை விழுங்கினார்.

"சரி டீச்சர், ஆர்டர் போட்டுடறேன்."

"எந்தத் தேதியில சார்?" என்று கேட்டுவிட்டு, வைஜெயந்தி அவர் இலைக்கு எதிரிலேயே நின்றாள்.