ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள்

ஒன்பது மருத்துவமனைகளும் நாற்பது கிளினிக்குகளும் கொண்ட அந்த நிறுவனத்தின் கணினியில், ஜனவரி முதல் தேதி பிறந்தவர்கள் மட்டும் முப்பத்தோராயிரம் பேர் இருந்தார்கள். அன்றைக்கென்று பார்த்துத் தாய்மார்கள் எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு பிரசவ வார்டுக்குள் புகுந்தார்களா என்ன? ஒரு மண்ணும் இல்லை. பிறந்த தேதி தெரியாமல் வருகிறவர்களுக்கெல்லாம் பதிவு கவுன்ட்டரில் போட்டுத் தரும் தேதி அது. தேதிக் கட்டம் காலியாக இருந்தால் கணினி அடுத்த பக்கத்துக்கு நகராது. வரிசையில் நிற்பவர்களோ நகரச் சொல்லிக் கத்துவார்கள். வயதைக் கேட்டு, வருடத்தைக் கழித்து, ஜனவரி ஒன்று என்று தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.

அந்தப் பழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவள் ரெக்கார்டு அக்கா. இப்போது அவள் மருத்துவ ஆவணப் பிரிவின் தலைவி. பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தாள். புதிதாக வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். "தெரியலன்னா ஜனவரி ஒண்ணு. யோசிச்சிட்டு நிக்காத, தட்டிவிட்டுட்டுப் போயிட்டே இரு." அப்படித் தட்டிவிட்ட வேகத்துக்கு அந்த வருடத்தின் சிறந்த ஊழியர் என்று மேடையேற்றிச் சால்வையும் போர்த்தினார்கள்.

போன வருடம் நிறுவனத்துக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. தகவலெல்லாம் குப்பையாகக் கிடக்கிறதாம், அதை ஒழுங்குபடுத்தத் 'தரவு ஆளுமைத் திட்டம்' வேண்டுமாம். பதினோரு பேர் கொண்ட குழு ஒன்று அமைந்தது. ஆறாவது மாடியில், ஜன்னலே திறக்காத ஒரு குளிரூட்டிய அறையில், செவ்வாய்தோறும் கூடியது. நோயாளி என்றால் யார் என்று முடிவு செய்ய மட்டும் மூன்று செவ்வாய்கள் ஆயின. வயிற்றிலிருக்கும் குழந்தை நோயாளியா? இறந்துபோனவர் எந்த நிமிடம்வரை நோயாளி? பேசிப் பேசி வாய் வலித்தது. கவுன்ட்டரில் வேலை பார்க்கிற ஒருவரைக்கூட அந்த அறைக்குக் கூப்பிடவில்லை. குழுவினர் எல்லோருக்கும் ஒரு பட்டம் மட்டும் கிடைத்தது. அதில் ஒருத்தியான அக்காவுக்கு வந்தது, 'நோயாளி அடையாளத் தரவுக் காவலர்'. காவலர் என்று பேர்தான், கையில் ஒரு பூட்டும் இல்லை, சாவியும் இல்லை.

திட்டத்தின் இயக்குநருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் விழுக்காடு. நலமா என்று கேட்டால்கூடத் தொண்ணூற்று நான்கு விழுக்காடு என்பார் என்று கேன்டீனில் சிரித்துக்கொள்வார்கள். நல்ல உடுப்பு, நல்ல சிரிப்பு. அவர் கையில் கிடைத்த முதல் எண் பன்னிரண்டு. ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று கோப்பு எண்கள் இருக்கிற இரட்டைப் பதிவுகள் பன்னிரண்டு விழுக்காடு. அது ஒன்றுக்குக் கீழே இறங்கினால்தான் தரச்சான்று கொடுக்க வரும் ஆய்வுக் குழு தலையாட்டும். அதற்கு அவர் கொண்டுவந்த விதி சின்னது. பெயரும், பாலினமும், பிறந்த தேதியும் ஒத்துப்போனால் இரண்டு பதிவையும் கணினியே ஒன்றாக்கிவிடும். கடைசியாகப் பதிந்த முகவரியும் போன் நம்பரும் நிற்கும், பழையவை மறைந்துவிடும்.

அக்கா கையைத் தூக்கினாள்.

"சார், இந்த ஜனவரி ஒண்ணு விஷயம் ஒண்ணு இருக்கு. தேதி தெரியாதவங்களுக்கெல்லாம் கவுன்ட்டர்ல அதைத்தான் போடறது. ஒரே பேர்ல, ஒரே வருஷத்துல நிறைய பேர் இருப்பாங்க."

"யார் அப்படிப் போடச் சொன்னது?" என்றார் விழுக்காடு.

பதினோரு பேர் உட்கார்ந்திருந்த அறை அவள் முகத்தையே பார்த்தது. "தெரியல சார். அது ஒரு பழக்கம்."

"அப்ப அது பயிற்சிப் பிரச்சினை. நம்ம பிரச்சினை இல்ல. பிறகு பார்க்கற பட்டியல்ல போட்டுடுங்க."

குறிப்பெழுதுகிறவர் எழுதிக்கொண்டார். அக்கா அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை எண் பன்னிரண்டிலிருந்து 0.8க்கு இறங்கியிருந்தது. அதே 0.8ஐ க்ரீமில் எழுதி ஒரு கேக் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் ஒரு துண்டு வாங்கித் தின்றாள், வெட்கங்கெட்டுப்போய்.

ஏழு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆவண அறைக்கு ஒரு தையற்கார அம்மாள் வந்தார். கையில் கசங்கிப்போன ஒரு கடிதம். கழுத்தில் அளவுநாடாவைக் கழற்றக்கூட மறந்து ஓடிவந்திருந்தார். மூன்று வருடங்களுக்கு முன்பு மார்பில் புற்றுநோய்க்கு அறுவை செய்து பிழைத்தவர். திசுப் பரிசோதனை முடிவு பற்றி உடனே மருத்துவரைப் பார்க்கவும் என்று கணினி தானாக அனுப்பிய நினைவூட்டல் கடிதம் அது.

"மறுபடி வந்துருச்சாம்மா எனக்கு? நாலு நாளா சோறு தண்ணி இறங்கல. நான் எந்த டெஸ்டும் எடுக்கவே இல்லையே."

அக்கா கோப்பைத் திறந்து பார்த்தாள். அந்த அம்மாளுக்கு அறுவை நடந்தது இடது பக்கம். இந்தத் திசு எடுத்தது வலது பக்கம், வேறொரு மருத்துவமனையில். பெயர் ஒன்று, வருடம் ஒன்று, ஜனவரி ஒன்று. இரண்டு பெண்களை ஒருத்தியாக்கி வைத்திருந்தது கணினி. முடிவு வந்த அன்றைக்கே அதைப் பார்த்த நர்ஸ், இவருக்குத்தான் ஏற்கெனவே அறுவை முடிந்துவிட்டதே, பழைய கதை என்று நினைத்து மூடிவிட்டிருந்தார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. திரையில் அப்படித்தான் இருந்தது.

"இது உங்களோடது இல்லம்மா. வேற ஒருத்தரோடது மாறி வந்துருச்சு. நீங்க நல்லா இருக்கீங்க."

தையற்கார அம்மாள் அழுதார், சிரித்தார், கும்பிட்டார். கதவுவரை போனவர் நின்று திரும்பினார். "அப்ப இது யாரோடதும்மா?"

அக்கா கணினிப் பிரிவுக்கு ஓடினாள். அங்கே இருந்தவன் அவளோடு பத்து வருடமாக வேலை பார்க்கிறவன். தலையைச் சொறிந்தான்.

"பழைய பதிவு உள்ள பத்திரமாத்தான் இருக்குக்கா. ஆனா அதைத் திறக்கணும்னா குழு அனுமதி வேணும். அந்தரங்கப் பாதுகாப்பு விதி."

"குழு எப்ப கூடுது?"

"இன்னைக்குக் கூட்டம் ரத்து, ஆய்வு வருதுன்னு. இப்பல்லாம் மாசம் ஒரு தடவதான், இனி அடுத்த மாசம் முதல் செவ்வாய்."

"அதுவரைக்கும் அந்தப் பொம்பளை?"

அவன் ஒரு காரியம் செய்தான். "கோப்பு எண்களை மட்டும் எடுக்க அனுமதி வேணாம்க்கா" என்று சொல்லி, ஜனவரி ஒன்றை வைத்து ஒன்றாக்கப்பட்ட பதிவுகளின் பட்டியலை அச்சடித்துக் கொடுத்தான். ஆயிரத்து நூற்று நாற்பது. இருபத்துமூன்று தாள்கள். அச்சு இயந்திரத்திலிருந்து சூடாக வந்த அந்தக் கட்டைப் பிடித்திருக்கவே அவளுக்குக் கை கூசியது.

விழுக்காடு அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஆயிரத்து நூத்து நாப்பதா? மொத்தம் முப்பத்தெட்டு லட்சம் பதிவுல. பாயின்ட் ஜீரோ மூணு."

"சார், அதுல ஒருத்தருக்குப் புற்று. அவங்களுக்கே தெரியாது."

"புரியுது, புரியுது. ரொம்ப வருத்தமான விஷயம். வியாழக்கிழமை ஆய்வு முடியட்டும். வெள்ளிக்கிழமை முதல் வேலையே இதுதான். இப்ப ஒவ்வொண்ணாப் பிரிக்க ஆரம்பிச்சா பழைய மாதிரி எண் ஏறிட்டே போகும். நீங்களே சொல்லுங்க, ஒரு வருஷ உழைப்பு." அவர் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். நோயாளி அடையாளத் தரவு நம்பகமானது என்று காவலர் கொடுக்கும் சான்று. கீழே அவள் கையெழுத்துக்குப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். நகங்கள் பளபளவென்று வெட்டியிருந்தன.

"படிச்சுப் பாத்துட்டுத் தரேன் சார்" என்று சொல்லி வெளியே வந்தாள். கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். கண்ணாடியில் தெரிந்தவளும் அவரைவிட ஒன்றும் ஒசத்தியாக இல்லை.

வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். சாயங்காலம் அவள் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, என்ன விஷயம் என்று கேட்டார். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஜனவரி ஒன்று யார் கைங்கரியம் என்பது உட்பட.

"ஒரு வருஷமா திட்டம் திட்டம்னு வாய் ஓயாம பேசினியே, இதானா அது?" என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எங்க வேலையில, ஆள் நிக்கறப்ப லிஃப்ட் இல்லாம கதவு ஒரு தடவ திறந்துருச்சுன்னா, ஆயிரம் தடவ சரியாத்தான் திறந்துச்சுன்னு யாரும் எழுத மாட்டாங்க. அந்த நிமிஷமே நிறுத்திடுவோம். மாடியில இருக்கற பெரிய மனுஷன் கத்தினாலும் சரி."

"வேலை போயிடும்."

"போகட்டும்னு சொல்ல எனக்கும் தைரியம் இல்ல. ஆனா நிறுத்தணும்."

மறுநாள் காலை அவள் அடித்தளத்துக்கு இறங்கினாள். கணினி முழுமையாக வருமுன் கவுன்ட்டரில் கையால் நிரப்பிய படிவங்கள் அங்கேதான் அட்டைப்பெட்டிகளில் கிடந்தன. மேலே போன குழாய் கசிந்து பாதிப் பெட்டிகள் உப்பிப் பூஞ்சை பிடித்திருந்தன. கரப்பான் எச்ச நாற்றம் மூக்கைத் துளைத்தது. தகவல் ஓர் அரிய செல்வம் என்று வரவேற்பறையில் பலகை மாட்டியிருக்கிறார்கள். செல்வத்தை வைத்திருந்த லட்சணம் இது. இரண்டரை மணி நேரம் துழாவி, திசு எடுத்த மூன்றாவது மருத்துவமனையின் பெட்டியில், அதே பெயரும் அதே வருடமும் கொண்ட அந்தப் படிவத்தைக் கண்டுபிடித்தாள். தொழில்: சலவைக்கடை. ஒரு போன் நம்பர். எந்தக் குழுவின் அனுமதியும் கேட்காமல் அங்கேயே நின்று அழைத்தாள்.

பின்னால் இயந்திரம் ஓடும் சத்தத்தோடு ஒரு பெண் குரல் பேசியது.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன்மா. ரெண்டு மாசம் முன்னாடி மார்ல கட்டின்னு வந்து சதை எடுத்து டெஸ்ட்டுக்குக் குடுத்தீங்களே..."

"ஆமாம்மா. ஏதாவது இருந்தா ஒரு வாரத்துல கூப்பிடுவோம், இல்லன்னா கூப்பிட மாட்டோம்னு சொன்னாங்க. நீங்க கூப்பிடவே இல்ல. அப்பாடான்னு போச்சு எனக்கு."

அக்கா சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். "கூப்பிட்டிருக்கணும்மா. ரிசல்ட் நல்லா இல்ல. வைத்தியம் பாக்கணும். இன்னைக்கே வாங்க."

மறுமுனையில் இயந்திரம் நின்றது. "எப்ப வந்துச்சு ரிசல்ட்?"

"ஆறு வாரம் ஆச்சு."

"ஆறு வாரமா..." அந்தக் குரல் சிறுத்துவிட்டது. "எனக்கு ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு கடைக்கு வர்றவங்ககிட்டல்லாம் சொல்லிட்டு இருந்தேனே. ஏன் கூப்பிடல?"

"எங்க தப்புமா. என் தப்பும்தான்."

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. "எத்தனை மணிக்கு வரணும்?" என்று மட்டும் கேட்டார் சலவைக்கடை அம்மாள்.

மதியம் வந்தார். அக்கா கூடவே போய் மருத்துவரிடம் சேர்த்தாள். இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாயங்காலம் விழுக்காட்டிடம் போய், அவரைக் கண்டுபிடித்துச் சேர்த்துவிட்டதாகவும், சான்றில் கையெழுத்துப் போட முடியாது என்றும் சொன்னாள். இரண்டாவது விஷயம் அவர் காதில் ஏறியதாகவே தெரியவில்லை. முதல் விஷயத்துக்கு முகம் மலர்ந்தது. "அருமை! பிரமாதம்!" என்றார். எதற்கு இந்தக் குதூகலம் என்று அப்போது அவளுக்குப் புரியவில்லை.

வியாழக்கிழமை புரிந்தது. அதே ஆறாவது மாடி அறையில், ஆய்வுக் குழுவின் முன்னால் பெரிய திரையில் பளிச்சென்று ஒரு தலைப்பு வந்தது. 'தரவு ஆளுமையின் வெற்றி: தவறவிடப்பட்ட புற்றுநோயாளி கண்டறியப்பட்டார்.' பக்கத்தில், ஏதோ ஒரு படக்கடையில் வாங்கிய, வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கும் ஒரு பெண்ணின் படம். அக்காவுக்குக் காது அடைத்துக்கொண்டது. பிணத்தின் கையிலிருந்து மோதிரத்தை உருவுகிறவனைக்கூட மன்னித்துவிடலாம் போலிருந்தது. இவர்கள் உயிரோடு இருப்பவளின் நோயையே உருவி, சட்டையில் குத்திக்கொள்கிறார்கள்.

ஆய்வுக் குழுவின் தலைவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "நல்ல விஷயம். இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நம்ம தரவுக் காவலரே சொல்லட்டும்" என்று விழுக்காடு பெருந்தன்மையாகக் கையை நீட்டினார். இரண்டு பேர் கைதட்டவும் செய்தார்கள்.

அக்கா எழுந்தாள். "நாங்க கண்டுபிடிக்கல மேடம். நாங்கதான் தொலைச்சோம். தேதி தெரியாதவங்களுக்கு ஜனவரி ஒண்ணு போடச் சொல்லிக் கவுன்ட்டர்ல பழக்கினது நான். அதை வெச்சு ரெண்டு ரெண்டு பேரை ஒண்ணாக்கறது தப்புன்னு தெரிஞ்சும் இதே ரூம்ல வாயை மூடிட்டு இருந்தது நான். இந்த அம்மா மாதிரி மாட்டினது ஆயிரத்து நூத்து நாப்பது பதிவு. யாருக்கு என்ன நோய், யாரோட ரிசல்ட் யார் வீட்டுக்குப் போச்சுன்னு எங்களுக்குத் தெரியாது." இருபத்துமூன்று தாள்களையும் மேசையில் வைத்தாள்.

"மேடம், அது வெறும் பாயின்ட் ஜீரோ..." என்று விழுக்காடு ஆரம்பித்தார்.

தலைவி அவர் பக்கம் திரும்பவே இல்லை. முதல் தாளை எடுத்து மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். இரண்டாவது தாளையும் எடுத்தார். "இதுல எத்தனை பேருக்கு விஷயத்தைச் சொல்லியிருக்கீங்க?"

"ஒருத்தருக்கு" என்றாள் அக்கா.