சொன்னபடி நடந்த ஏழாம் நம்பர் லைன்

பொன்முடித் தேயிலைத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் குடியிருப்பான ஏழாம் நம்பர் லைன், ஆறு வீடுகளும் ஒரே ஓட்டுக்கூரையுமாக, ஜூன் மாதத் திங்கட்கிழமை ஒன்றில் காலை ஒன்பது பத்துக்கு, கீழே நகரத்தில், சாஸ்தமங்கலத்து ஆய்வு நிலையத்தின் வளாகத்தில் வந்து நின்றது. கொண்டை ஊசி வளைவுகள் அத்தனையையும் அது தானே இறங்கி வந்தது. விதுரையில் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டது. பேரூர்க்கடையில் சிவப்பு விளக்குக்கு மரியாதையாக நின்றது. மூன்றாம் வீட்டு மாடம்மாள் மலையில் அடுப்பேற்றிய பால், நிலையத்தின் கேட்டைத் தாண்டும்போதுதான் பொங்கியது. காவலாளி சொரிமுத்து வழக்கம்போல வருகைப் பதிவேட்டை நீட்டினார். ‘வந்த நோக்கம்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று மாடம்மாள் விழிக்க, அவரே ‘குடியிருக்க’ என்று எழுதிக்கொண்டார்.

அது லாபம் பார்க்காத நிலையம். பாதுகாப்பும் வளர்ச்சியும் ஒன்றையொன்று விட்டு வாழ முடியாது என்று நிரூபிப்பதற்காகவே தொடங்கப்பட்டது. பாதுகாப்புக்காரர்கள் மாடியில் இருந்தார்கள், வளர்ச்சிக்காரர்கள் கீழே; ஜெராக்ஸ் மெஷினில் காகிதம் சிக்கினால் மட்டும் பேசிக்கொண்டார்கள். முப்பத்தோரு வருடங்களில் அங்கிருந்து போன பரிந்துரைகளை நீளவாக்கில் ஒட்டினால் கன்னியாகுமரி வரை போய்த் திரும்பலாம். ஒவ்வொன்றுக்கும் ‘கிடைத்தது’ என்று பதில் வந்தது. ஒன்றையாவது யாராவது கேட்டு நடந்தார்கள் என்ற பேச்சே இல்லை. ஆகவே வந்து நிற்கும் லைனை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

தவறு நீலகண்டனுடையது. கிழக்கேகோட்டை அக்ரஹாரத்துக்காரர், ஆய்வாளர், கீழ்த்தளம். நான்கு முறை பொன்முடிக்குப் போய், மாடம்மாள் வீட்டுப் பின்சுவர் விரிசலில் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தவர். சரிவிலுள்ள லைன்கள் மழைக்கு முன் பாதுகாப்பான இடத்துக்கு மாற வேண்டும் என்று எழுதினார். எது பாதுகாப்பான இடம் என்று மதிப்பெண் போட நாற்பது கேள்விகள் தயாரித்தார். நிலையத்து வழக்கப்படி அந்தக் கேள்விகளைச் சொந்த வளாகத்திலேயே முதலில் ஒத்திகை பார்த்தார். வளாகம் நூற்றுக்கு நூறு வாங்கியது. ஒத்திகைத் தாளைக் கிழித்துப்போட மறந்து, அறிக்கையோடு சேர்த்து பைண்டு செய்துவிட்டார். மாடம்மாளுக்கும் ஒரு பிரதி கொடுத்தார். அவர் காற்று வராமலிருக்க அதைப் பக்கம் பக்கமாக விரிசல்மேல் ஒட்டினார். சுவர் ஒன்றரை மாதம் நிதானமாகப் படித்தது. மாவட்டத்திலேயே முழு மதிப்பெண் வாங்கிய இடம் எதுவென்று தெரிந்ததும் புறப்பட்டுவிட்டது.

இயக்குநர் கல்யாணராமனுக்கு வியாழக்கிழமை மனிதப் பாதுகாப்பு பற்றிய சர்வதேசக் கருத்தரங்கு இருந்தது. பதினோரு நாட்டுக்காரர்கள் வருகிறார்கள். முற்றத்திலோ ஆறு அடுப்பு புகைகிறது, கொடியில் பாவாடை காய்கிறது.

“நீலகண்டா, இத்தனை மனுஷாளை வாசல்ல வெச்சுண்டு மனிதப் பாதுகாப்பைப் பத்தி நான் எப்படிப் பேசறது? பேப்பரைப் பாத்துதானே வந்தது, பேப்பரைக் காட்டியே திருப்பி அனுப்பு. மலை சேஃப்னு ஒரு ரிவைஸ்டு ரிப்போர்ட் எழுது. மனசிலாச்சோ?”

“மலை இன்னும் சரிஞ்சுண்டுதானே சார் இருக்கு?”

“அது மலையோட பாடு. நம்ம பாடு ரிப்போர்ட். உன் காண்ட்ராக்ட் ஜூலையோட முடியறது, ஓர்மை இருக்கட்டும்.”

புதன்கிழமை மத்தியானம் நீலகண்டன் ஜன்னலோரம் உட்கார்ந்து, ‘சரிவு பாதுகாப்பானது’ என்று தட்டினார். ஜன்னல் வழியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்த லைன் பெருமூச்சு விட்டது. ஓடுகள் கலகலத்தன. அஸ்திவாரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஆறு வாசல்களும் கேட்டைப் பார்த்துத் திரும்பின. மாடம்மாள் டீ டம்ளரோடு ஜன்னலுக்கு வந்தார்.

“சாரே, வீடு கெளம்புதே. நீங்களா எளுதுதிய?”

“ஆமா, மாடம்மா.”

“எளுதுங்க, சொன்னபடி எளுதுனாத்தான் ஒங்களுக்குச் சம்பளம். நாப்பது கேள்வி கேட்டிய, ஒண்ண மட்டும் விட்டுட்டிய. எளுதுன ஆளு மளைக்காலத்துல அங்கன வந்து உறங்குவாரா? அதையும் சேத்துக்கிடுங்க, கேட்டியளா.”

டீ குடித்து முடிப்பதற்குள் நீலகண்டன் அந்த வரியை அழித்து, நாற்பத்தோராவது கேள்வியைச் சேர்த்தார்: இதில் கையெழுத்திடுபவர் மழைக்காலத்தில் அங்கே ஒரு நாள் உறங்குவாரா? பதில் கட்டத்தைக் காலியாக விட்டு இயக்குநர் மேஜையில் வைத்தார். கல்யாணராமன் பேனாவைத் திறந்து அரைமணி நேரம் கேள்வியையே பார்த்தார். பொன்முடியில் மழை கறுத்துக்கொண்டு நிற்பது அவர் மூக்குக்கண்ணாடியில் தெரிந்தது. அவர் கெட்டவரில்லை, அதுவரை எந்த அறிக்கையும் அவரை ஒரு கேள்வி கேட்டதில்லை, அவ்வளவுதான். ‘மாட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மலையின் மதிப்பெண் பூஜ்யமாயிற்று. முற்றத்தில் ஆறு வீடுகளும் மண்ணைக் கிளறி, அடைக்கோழி மாதிரி உட்கார்ந்துகொண்டன.

வியாழன் மாலை மூன்று இருபதுக்கு, ஏழாம் நம்பர் லைன் இருந்த காலி இடத்தின் மேல் மலை வந்து விழுந்தது. அந்நேரம் பதினோரு நாட்டுக்காரர்களும் மாடம்மாள் வாசலில் வரிசையாக உட்கார்ந்து பால் விடாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். கருத்தரங்கு அறையில் ஆள் இல்லை. மாடியிலிருந்து பாதுகாப்புக்காரர்கள் இறங்கி வந்து வளர்ச்சிக்காரர்களிடம் சர்க்கரை கேட்டார்கள். நீலகண்டனுக்கு காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்பட்டது.

அடுத்த அறிக்கை, கடல் அரிக்கும் ஒரு குப்பத்தைப் பற்றியது. அதைத் தட்டச்சுக்கு அனுப்பும் முன், கல்யாணராமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டேப்பின் ஒரு முனையை சொரிமுத்துவிடம் கொடுத்து, பின்பக்கத்துப் பலாமரம் வரை வளாகத்தைத் தாமே அளந்தார். நூற்றிருபது வீடுகள், படகுகள் தனி. கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்தால் கொள்ளும் என்று சொல்லி, அனுப்பச் சொன்னார்.