ஒன்பது மணி என்று போட்ட பதினொரு மணி விழா

மார்ட்டன் லேண்டிங் என்ற ஊர் ஒரு காலத்தில் மாநிலத்துக்கே தலைநகராக இருந்ததாம். ஒரு வருடம்கூட முழுசாக இல்லை. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டே இத்தனை காலம் ஓட்டிவிட்டது. இப்போது பழைய சட்டசபைக் கட்டடத்துக்குப் புது ஏசி போட்டு, உலக மாநாடுகள் எல்லாம் இனி இங்கேதான் என்று கிளம்பியிருக்கிறது. அந்த ஆசையில், ஊரின் மாநாட்டு அலுவலகத்தில் வேலை பார்த்த ஜலஜாவின் பிழைப்பும் மாட்டிக்கொண்டிருந்தது.

மருத்துவர் மாநாட்டுக்கு இடம் பார்க்க ஒரு குழு சனிக்கிழமை வருகிறது. அவர்கள் கண்ணெதிரே ஒரு விழா நடத்தி, அறுநூறு நாற்காலிகளையும் நிரப்பிக் காட்டவேண்டும். நிரம்பாவிட்டால் மாநாட்டு அலுவலகத்தையே மூடிவிடுவார்கள். வேலை போனால் விசாவும் போகும். "எங்க ஆளுங்க வந்து ஃபில் பண்ணிடுவாங்க" என்று மீட்டிங்கில் வாயை விட்டவள் ஜலஜாதான்.

நம் ஆட்களைப் பற்றி அவளுக்குத் தெரியாதா? விழா பதினொரு மணிக்கு. ஃப்ரீமான்ட் தமிழர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒன்பது என்று போட்டாள். கதவைப் பத்தரைக்குத் திறந்தால் போதும் என்று காவலாளியிடம் சொல்லிவிட்டு, ஃபோனை சைலன்ட்டில் போட்டுக்கொண்டு, குழுவை அழைத்துவர விமான நிலையம் போனாள். எங்கள் ஆட்கள் கொஞ்சம் லேட்டாகத்தான் வருவார்கள் என்று வழியில் அவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்லியும் வைத்தாள்.

திரும்பி வந்தபோது பதினொன்று ஆகப்போகிறது. கார் நிறுத்துமிடம் காலி. ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து டாக்டர் வரதராஜா மட்டும் கோட்டும் டையுமாகப் படிக்கட்டில் நின்றிருந்தார். குழுவை வண்டியிலேயே விட்டுவிட்டு அவரிடம் ஓடினாள்.

"அங்கிள், ஏன் யாரையும் காணோம்?"

"எல்லாரும் ஒன்பதுக்கே வந்திட்டினம், பிள்ளை. உம்மைத் தலைகுனிய விடக்கூடாதெண்டு நான்தான் வீடு வீடா ஃபோன் பண்ணினனான். வந்தா, கதவு பூட்டு. உமக்கு எத்தினை தரம் அடிச்சம்! பத்தேகால் வரைக்கும் வெயிலில நிண்டு பாத்திட்டுப் போயிட்டினம். உம்மட்டை ஒரு வார்த்தை கேக்கத்தான் நான் நிண்டனான்."

"ஃபங்ஷனே லெவனுக்குத்தான் அங்கிள். எல்லாரும் லேட்டா வருவீங்கன்னு நான்தான்..." அவள் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். "என் வேலை போயிடும் அங்கிள்."

அவர் முகம் சிவந்தது. அதற்குள் குழுத் தலைவர் பின்னாலேயே வந்து நின்று, உங்கள் ஆட்கள் எங்கே என்று அவரைக் கேட்டார்.

வரதராஜா ஜலஜாவை ஒருமுறை பார்த்தார். பிறகு குழுத் தலைவரிடம் திரும்பி, "எங்கள் ஆட்கள் எப்போதுமே லேட்தான். மன்னிக்கவேண்டும்" என்று அழகான ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லிவிட்டு ஓரமாகப் போய் ஃபோனை எடுத்தார்.

"திரும்பி வாங்கோ. ஏன் லேட் எண்டு கேட்டா ட்ராஃபிக் எண்டு சொல்லுங்கோ. பிள்ளையின்ரை வேலை போயிடும்."

ஃப்ரீவேயில் பாதி தூரம் போன கார்களெல்லாம் திரும்பின. ஜலஜா பன்னீர்ச் செம்போடு வாசலில் நின்றாள். "நீங்கள் சொன்னது சரிதான்" என்று குழுத் தலைவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். அவளும் சிரிக்கவேண்டியிருந்தது.

வெயிலில் கசங்கிய பட்டுப்புடவைகள் ஒவ்வொன்றாகப் படியேறின. "ஸாரி, ட்ராஃபிக்" என்று குழுவின் காதில் விழும்படி சொல்லிக்கொண்டே எல்லாரும் உள்ளே போனார்கள். நாற்காலிகள் நிரம்பின. பன்னீர் தெளித்த ஜலஜாவால் ஒருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.